விலை ஏறிய காலத்தில் உழவர் மானியம்

உணவுப் பொருள்களின் விலை ஏறியிருக்கும் காலத்தில் உழவருக்கு அரசு மானியம் தர வேண்டுமா என்ற கேள்விக்குப் பார்த்தவுடன் தோன்றும் விடை, வேண்டாம் என்பதுதான். நெல்லும் கோதுமையும் நல்ல விலைக்குப் போகும்போது அவற்றை விளைவிப்பவர் கையில் பணம் புரளும். அப்போதும் வரிப்பணத்தை அவருக்கே எதற்குத் தர வேண்டும்? 2008 மே மாதம் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அந்நாட்டின் வேளாண் சட்டத்தில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. தானிய விலை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. ஆயினும் அமெரிக்க காங்கிரஸ் அவருடைய மறுப்பை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது.

புஷ் சொன்ன காரணம் அமெரிக்காவுக்குப் பெருமளவு பொருந்தும். எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. கடையில் சொல்லும் விலை வேறு, களத்துமேட்டில் கிடைக்கும் விலை வேறு, உழவரின் ஆண்டு வருமானம் வேறு. இந்த மூன்றும் சேர்ந்து ஏறுவதுமில்லை, சேர்ந்து இறங்குவதுமில்லை.

முதலில் கடைக்கும் களத்துக்கும் உள்ள தூரம். இந்திய ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளின்படி, தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஏற்றுகூலி, வண்டி வாடகை, கமிஷன் மண்டி, அழுகல், சில்லறைக் கடை என்று பிரிந்துவிடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது; தமிழ்நாடு அரசு சென்னையின் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மகாராஷ்டிரத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள். மே மாதம் கொட்டியவருக்கு ஜூலை விலையால் பயன் இல்லை. ஜூலையில் செடியில் காய் வைத்திருந்த சிலருக்குத்தான் அந்த விலை. விலை ஏறியதற்குக் காரணமே பெரும்பாலானவர்களிடம் காய் இல்லாததுதான்.

அடுத்தது, உழவர் விற்பவர் மட்டுமா என்ற கேள்வி. பொருளியல் அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 1989இல் தாய்லாந்தின் அரிசி விலையை ஆராய்ந்தபோது ஒவ்வொரு குடும்பமும் விற்கும் அரிசியையும் வாங்கும் அரிசியையும் கழித்துப் பார்த்தார். கூடுதலாக விற்கும் வீட்டுக்கு விலையேற்றம் வரவு. கூடுதலாக வாங்கும் வீட்டுக்குச் செலவு. எளிய கணக்குதான், ஆனால் உணவு விலை பற்றிய பேச்சில் இது அடிக்கடி மறந்துபோகிறது. இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர், அதாவது இரண்டே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 86 விழுக்காட்டினர் இரண்டு ஹெக்டேருக்குக் கீழ் வைத்திருப்பவர்கள். 2018-19இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு கண்ட விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063 ரூபாய், பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். பயிரில் வருவதைவிடக் கூலியில் அதிகம் பெறும் குடும்பத்தை விவசாயி என்று மட்டும் சொல்லி, பருப்பும் எண்ணெயும் விலை ஏறினால் அதற்கு லாபம் என்று கணக்கிடுவது தவறு. நெல் விற்றவரும் துவரம்பருப்பைக் கடையில்தான் வாங்குகிறார். நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளருக்கோ விலையேற்றத்தில் வரவு என்று ஒன்றுமே இல்லை. அவருக்கு உழவர் மானியமும் கிடைக்காது. அவரைக் காப்பது 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ரேஷன் கடையும்தான்.

விலை ஏன் ஏறியது என்பதைப் பொறுத்தும் விடை மாறும். நுகர்வு கூடி ஏறினால் விவசாயிக்கு ஆதாயம். மகசூல் விழுந்து ஏறினால் அவருக்குக் கிடைப்பது அதிக விலையில் குறைந்த மூட்டை. இடுபொருள் செலவு கூடி ஏறினால், விலை ஏறியும் கையில் மிஞ்சுவது பழையதுதான், அல்லது அதற்கும் குறைவு. 2022இல் இவை எல்லாம் ஒன்றாக வந்தன. அந்த ஆண்டு மார்ச், இந்தியாவில் 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களிலேயே வெப்பம் மிகுந்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த கோதுமை சுருங்கிப்போனது. உக்ரைன் போரால் உலகக் கோதுமை விலையும், இயற்கை எரிவாயு விலையும், அதைத் தொட்டு உர விலையும் ஏறின.

மானியம் நியாயம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க இடம் உரம்தான். யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும். டிஏபி உரத்துக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையும் பாஸ்பாரிக் அமிலமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. பொட்டாஷ் முழுவதும் இறக்குமதி. எரிபொருள் விலை ஏறும்போது உணவு விலையும் உர விலையும் சேர்ந்து ஏறுவதற்கு இதுவே காரணம். ஆனால் விவசாயியின் நாட்காட்டியில் அவை ஒரே நாளில் வருவதில்லை. குறுவைக்கு அடியுரம் இடுவது ஜூனில். நெல் விற்பது செப்டம்பர், அக்டோபரில். விலையேற்றத்தின் பலனைப் பெறுபவர் போன பருவத்து நெல்லைக் கையில் வைத்திருப்பவர், பெரும்பாலும் வியாபாரி. விலையேற்றத்தின் சுமையைத் தாங்குபவர் அடுத்த பருவத்துக்கு மூட்டை வாங்கக் கடையில் நிற்பவர். அவர் உரத்தைக் குறைத்தால் அடுத்த ஆண்டும் தானியம் குறைந்து, விலை இன்னொரு முறை ஏறும். இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகத் தரப்படும் மானியம் உழவருக்குப் போவதாகத் தெரிந்தாலும், அதன் பாதிப் பயன் அடுத்த ஆண்டு அரிசி வாங்குபவருக்கு.

இந்திய அரசு இதைச் செய்தது. 2021 மே மாதம் 50 கிலோ டிஏபி மூட்டையின் உண்மை விலை 2,400 ரூபாயை எட்டியபோது, மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ரூபாயாக்கியது. விவசாயி பழைய 1,200 ரூபாயே கொடுத்தார். 2022 ஏப்ரலில் மானியம் மூட்டைக்கு 2,501 ரூபாயாக உயர்ந்தது. விற்பனை விலை 1,350 ரூபாய். உரம் வாங்கியவரைவிட அரசு கொடுத்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2020-21இல் 1.28 லட்சம் கோடி ரூபாயாக இருந்த மொத்த உர மானியம் 2022-23இல் 2.5 லட்சம் கோடியைத் தாண்டியது. 2008-09இலும் இப்படித்தான், அப்போது அது 1 லட்சம் கோடியை நெருங்கியது.

இந்தச் செலவு அந்த இரண்டு ஆண்டுகளிலும் தேவையானதே. குறை வேறிடத்தில் இருக்கிறது. நெருக்கடி தீர்ந்த பின்னும் இந்திய உர மானியம் வடிவம் மாறுவதில்லை. யூரியாவின் சில்லறை விலையை நெடுங்காலமாக அரசே நிர்ணயிக்கிறது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது பாஸ்பேட்டும் பொட்டாஷும் அதில் சேர்க்கப்பட்டன, யூரியா சேர்க்கப்படவில்லை. அரசியல் அச்சம் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. விளைவாக 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாய்க்கு நிற்க, மற்ற உரங்கள் பல மடங்கு விலைக்குப் போயின. தழை, மணி, சாம்பல் சத்துகள் நாட்டளவில் 4:2:1 என்ற விகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். விலை மலிந்த தழைச்சத்தையே வயலில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. மானிய யூரியா ஒட்டுப்பலகைத் தொழிலுக்கும் கள்ளத்தனமாகப் போனதால் 2015இல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. மேலும், உரத்தின் வழியாகத் தரும் மானியம் உரம் வாங்கும் அளவுக்கு ஏற்பப் போகும். பாசனமுள்ள பத்து ஏக்கர்க்காரருக்கு அதிகம். ராமநாதபுரத்து மானாவாரி வயலில் சோளமும் பயறும் விதைப்பவருக்குச் சொற்பம்.

மானியத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கும் ஒரே அடியில் அறுத்துவிடலாம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலங்கை காட்டியது. அங்கே உர மானியம் 1962இல் தொடங்கியது. 2005 தேர்தலுக்குப் பின் நெல்லுக்கான 50 கிலோ உர மூட்டை 350 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை என்று காரணம் சொல்லப்பட்டாலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பின்னால் இருந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் கிளிநொச்சியிலும் நெல் விளைச்சல் சரிந்தது. அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. நெல் விவசாயிகளுக்கு இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. மிச்சம் பிடிக்கக் கிளம்பிய அரசு இரண்டு பக்கமும் செலவழித்தது.

இதற்கு நேர் எதிரான பிழை, விலை உச்சத்தில் இருக்கும்போதும் விலைக்காகவே மானியம் தருவது. அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் இரண்டு வகை உதவிகள் அருகருகே இருந்தன. ஒன்று, இலக்கு விலைக்குக் கீழே சந்தை விலை போனால் மட்டும் வித்தியாசத்தைத் தருவது. மற்றொன்று நேரடித் தொகை: பழைய சாகுபடிப் பரப்பைக் கணக்கிட்டு, விலை ஏறினாலும் இறங்கினாலும், இந்த ஆண்டு விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் தருவது. இரண்டாவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் போனது. 2012 ஆகஸ்டில் மக்காச்சோளம் ஒரு புஷல் 8 டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்ட ஆண்டிலும் அந்தக் காசோலைகள் தவறாமல் போயின. 2014 சட்டம்தான் அதை நிறுத்தியது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி நிலக் குத்தகையில் கரைந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு தந்தால் நில உரிமையாளர் குத்தகையை அந்த அளவுக்கு ஏற்றிக் கேட்பார். உழுபவர் கையில் நிற்பது குறையும்.

தாய்லாந்து இன்னும் துணிச்சலாகப் போனது. யிங்லக் ஷினவத்ரா அரசு 2011 அக்டோபரில் தொடங்கிய அடகுத் திட்டத்தில் வெள்ளை நெல்லுக்கு டன்னுக்கு 15,000 பாட் கொடுத்து வாங்கியது. சந்தை விலையைவிட இது வெகு அதிகம். உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடு சரக்கைப் பூட்டி வைத்தால் உலக விலை ஏறும், அப்போது விற்று லாபம் பார்க்கலாம் என்பது எண்ணம். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியா தன் அரிசி ஏற்றுமதித் தடையை நீக்கியிருந்தது. 2012இல் முதலிடம் இந்தியாவுக்குப் போனது. தாய்லாந்தின் கிடங்குகளில் அரிசி பழுப்பேறியது. திட்டம் 2014இல் நின்றது. கடமை தவறியதாக யிங்லக்குக்கு 2017இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அதற்குள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார்.

இந்தியாவில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே விலை ஏறும்போது அரசு முதலில் செய்வது மானியம் தருவதல்ல, விலையை இறக்குவது. 2022இல் தனியார் வியாபாரிகள் குவிண்டாலுக்கு 2,015 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கு மேல் கொடுத்துக் கோதுமை வாங்கினார்கள். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 188 லட்சம் டன்னாகச் சுருங்கியது. மே 13ஆம் தேதி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. வெயிலில் மகசூலை இழந்த விவசாயிக்கு அதை ஈடுசெய்யக்கூடிய ஒரே வாய்ப்பு, உலக விலை, அத்துடன் அடைபட்டது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும், டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. இத்தகைய தடைகளையும் வரிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓஇசிடி அமைப்பின் 2018 ஆய்வு, 2000 முதல் 2016 வரை இந்திய விவசாயிக்குக் கிடைத்த நிகர ஆதரவு சராசரியாக எதிர்மறை 14 விழுக்காடு என்று கண்டது. அத்தனை உரம், மின்சாரம், கொள்முதல் மானியங்களையும் கூட்டிய பிறகும் வந்த கணக்கு அது. விலைக் கட்டுப்பாட்டால் எடுத்ததை மானியமாகத் திருப்பித் தருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. எடுத்தது எல்லா விவசாயியிடமிருந்தும். திருப்பித் தருவது சிலருக்கு. ஏழை நுகர்வோரைக் காக்க ரேஷன் என்ற நேரான வழி இருக்கும்போது, ஏற்றுமதியை மூடி எல்லா நுகர்வோருக்கும் விவசாயியின் செலவில் விலை குறைப்பது நியாயமான வழி ஆகாது.

குறைந்தபட்ச ஆதரவு விலை, பெயருக்கேற்ப, விலை விழும்போது பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்த விலையில் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. ஆனால் அந்தக் கழகத்தை ஆராய்ந்த சாந்த குமார் குழு 2015இல் சொன்னபடி, நாட்டின் விவசாயிகளில் 6 விழுக்காட்டினரே அரசு அமைப்புகளுக்கு ஆதரவு விலையில் விற்றவர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கும் காவிரி டெல்டா இதில் விதிவிலக்கு. அங்கேயும் குறுவை அறுவடை மழையில் மாட்டினால் 17 விழுக்காடு ஈரப்பத விதி குறுக்கே நிற்கிறது. நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்க முடியாதவர், வந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். சென்னையில் பொன்னி அரிசி விலை ஏறிய வாரத்திலும் இது நடக்கும்.

பயிரோடும் விலையோடும் ஒட்டாத வருமான உதவி 2018 முதல் இந்தியாவில் பரவியது. தெலங்கானாவின் ரைத்து பந்து ஏக்கருக்கு ஒரு பருவத்துக்கு 4,000 ரூபாயில் தொடங்கி 5,000 ஆனது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. வடிவத்தைப் பார்த்தால் இது அமெரிக்கா கைவிட்ட நேரடித் தொகைதான். ஆயிரம் ஏக்கர் பண்ணைக்கு விலை உச்சத்தில் கொடுத்தால் அது வீண். இரண்டே முக்கால் ஏக்கர்க் குடும்பத்துக்கு அதே உச்சத்தில் கொடுத்தால், கடையில் வாங்கும் உணவின் ஏற்றத்தில் ஒரு சிறு பகுதியை அது ஈடுகட்டும். ஏக்கர் கணக்கில் தரும் தெலங்கானா முறையைவிடக் குடும்பக் கணக்கில் தரும் முறை இந்த வகையில் மேலானது. இரண்டுக்கும் பொதுவான ஓட்டை குத்தகைதாரர். பட்டா யார் பெயரிலோ பணம் அவருக்கு. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்து உழுபவர் உரத்துக்குப் பணம் கட்டுகிறார், கிசான் தவணை அவருக்கு வருவதில்லை. 6,000 ரூபாய் என்ற தொகையும் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் தானாக ஏறும்படி அமைக்கப்படவில்லை.

விலையோடு எதிர்த்திசையில் நகரும் மானியம், அதாவது ஏறும்போது நின்று, விழும்போது தானே தொடங்குவது, கோட்பாட்டில் சிறந்தது. நடைமுறையில் அதற்கும் பொறி உண்டு. மத்தியப் பிரதேசம் 2017இல் பாவந்தர் புக்தான் திட்டத்தைத் தொடங்கி, சோயா, உளுந்து போன்ற பயிர்களுக்கு ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயியின் கணக்கில் செலுத்தியது. வித்தியாசத்தை அரசு தரப்போகிறது என்று தெரிந்ததும் மண்டி வியாபாரிகள் விலையை இன்னும் கீழே கேட்டார்கள். போட்டியில்லாத மண்டியில் எந்த மானியமும் வாங்குபவர் பக்கம் சாய்ந்துவிடும். தக்காளி, வெங்காயத்தில் வேறொரு தொல்லை. இந்தப் பருவத்து விலையைப் பார்த்து அடுத்த பருவத்தில் எல்லோரும் நடுவதால் விலை ஒரு முறை ஏறி மறுமுறை விழுகிறது. பொருளியலார் 1930களிலேயே இந்தச் சுழலை விளக்கி, சிலந்திவலை என்று பெயரிட்டார்கள். உச்சத்தில் சாகுபடி மானியம் தந்தால் வீழ்ச்சி இன்னும் ஆழமாகும். 2018-19 வரவுசெலவுத் திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 500 கோடி ரூபாயில் ஆபரேஷன் கிரீன்ஸ் அறிவிக்கப்பட்டது, சேமிப்பும் பதப்படுத்தலும் இந்தச் சுழலைத் தணிக்கும் என்ற கணக்கில்தான்.

தொடங்கிய மானியத்தை நிறுத்துவது எளிதல்ல என்பதற்குத் தமிழ்நாட்டின் இலவச மின்சாரம் சான்று. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் அனைவருக்கும் என்று விரிந்த அது, நெல் விலை ஏறிய ஆண்டிலும் விழுந்த ஆண்டிலும் ஒரே மாதிரி தொடர்கிறது. நிலத்தடி நீர் இறங்கி, ஆழ்துளைக் கிணறு தோண்ட முடிந்தவருக்கு அதிகமாகவும் முடியாதவருக்குக் குறைவாகவும் அது பயன்படுகிறது. நெருக்கடிக்கால உதவிக்கு முடிவுத் தேதியைத் தொடங்கும்போதே குறித்துவிட வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உலக வணிக அமைப்பின் விதிகளும் மேலே பார்த்த வகைகளை ஒட்டியே மானியங்களைத் தரம் பிரிக்கின்றன. பயிரோடும் விலையோடும் ஒட்டாத வருமான உதவிக்கு வரம்பில்லை. வளரும் நாடுகளில் வசதி குறைந்த விவசாயிகளுக்குத் தரும் இடுபொருள் மானியத்துக்கும் விலக்கு உண்டு. அரசு நிர்ணயித்த விலையில் வாங்குவதற்கு மட்டும், அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காடு என்ற வரம்பு வளரும் நாடுகளுக்கு இருக்கிறது. கணக்கிடும் முறையில்தான் கோளாறு: ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் அடிப்படை விலை 1986-88ஆம் ஆண்டுகளுடையது. உலக விலை உயர உயர, உண்மையில் மானியமே இல்லாத கொள்முதலும் தாளில் பெரிய மானியமாகத் தெரியும். 2018-19இல் அரிசியில் இந்தியா 10 விழுக்காட்டைத் தாண்டியது. 2013 டிசம்பரில் பாலியில் ஒப்புக்கொள்ளப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு விதியைப் பயன்படுத்தி அதைக் கடந்தது. நிரந்தரத் தீர்வு பற்றிய பேச்சு 2024இல் அபுதாபியில் கூடிய அமைச்சர்கள் மாநாட்டிலும் உடன்பாடின்றி முடிந்தது.